பட்டாளத்திலிருந்து வந்த கணவர் தூங்குவதில்லை

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 34 வயது, ஊர் குமரி மாவட்டம் அருமனை பக்கம். வீட்டுக்காரருக்கு 41. 20 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஹவில்தாராக பென்ஷன் வாங்கி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக இருந்தது காஷ்மீரில், ஆர்.ஆர். (ராஷ்டிரிய ரைஃபிள்ஸ்) என்கிற தீவிரவாதிகளை எதிர்க்கிற ராணுவ யூனிட்டில். இப்போது ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை, துப்பாக்கியோடு நிற்கிற டியூட்டி.

வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார். ஆறேழு மாதம் கழித்துத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து கதவுப் பூட்டைப் பார்ப்பார். ஆடி மாதம் ஒரு மத்தியானம் ரப்பர் காய் வெடித்த சத்தத்துக்குத் தோட்டத்தில் அப்படியே குப்புற விழுந்து படுத்துவிட்டார். ரப்பர் பால் வெட்டுகிற ஆள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கமே போவதில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி போடுகிற அன்று வீட்டில் இருக்க மாட்டார். பைக்கில் போகும்போது ரோட்டோரம் குப்பை மூட்டை கிடந்தால் வண்டியைத் திருப்பி வேறு வழியாகப் போவார்.

போன மாதம் தூக்கத்தில் கத்தினார். தொட்டு எழுப்பினேன், என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் அழுதார். அன்றிலிருந்து தனியாகத் திண்ணையில் படுக்கிறார். கேன்டீன் ரம் தினமும் வேண்டும் என்றாகிவிட்டது. கூட இருந்த ஒருவர் குண்டுவெடிப்பில் இவர் கண் முன்னாலேயே இறந்தாராம். அதுவும் இவரோடு பட்டாளத்தில் சேர்ந்த பேட்ச்மேட் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் குடித்துவிட்டு, "அன்னைக்கு நானும் அவன்கூட போயிருக்கணும்" என்றார்.

"பட்டாளத்துக்காரன் பைத்தியக்கார டாக்டரைப் பார்க்கவா?" என்கிறார் மாமா. செய்வினை என்று மந்திரவாதியைத் தேடுகிறார் மாமி. 9 வயது மகள் அப்பாவைப் பார்த்தாலே ஒதுங்குகிறாள். இது மனநோயா? வரமாட்டேன் என்பவரை டாக்டரிடம் எப்படி அழைத்துவருவது? வைத்தியம் பார்த்தால் பென்ஷனுக்கோ வேலைக்கோ கேடு வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நானும் அவன்கூட போயிருக்கணும்" என்ற வார்த்தையைக் குடித்துவிட்டுப் பேசியது என்று விட்டுவிடாதீர்கள். தூக்கமில்லாத மனிதர், தினமும் குடிப்பவர், கையில் துப்பாக்கி உள்ள வேலை, வீட்டில் ரப்பர் தோட்டம் என்று நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. ரப்பர் பால் உறையவைக்க வாங்கி வைத்திருக்கும் ஆசிட்டையும், பூச்சிமருந்து இருந்தால் அதையும் இன்றைக்கே வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பூட்டி வைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குமரியின் மேற்குப் பகுதியில் ரப்பர் உள்ள எந்த வீட்டிலும், மனம் சரியில்லாத ஒருவர் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அவர் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று உள்ளுக்குள் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால், அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேச ஆள் உண்டு, கட்டணம் கிடையாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. நேரில் பார்க்காமல் ஒருவருக்கு நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படிக்கிற எந்த மனநல மருத்துவரும் முதலில் நினைப்பது பி.டி.எஸ்.டி. என்றுதான். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தமிழில் எழுதுவார்கள். மனம் சம்பந்தப்பட்ட நோய்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மாமா நினைக்கிற பைத்தியம் இல்லை. அவருடைய அறிவு தெளிவாக இருக்கிறது. அவருக்குள் ஒரு பகுதி மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்து இறங்கவில்லை.

அந்தக் குப்பை மூட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஆர். யூனிட்டில் இருந்தவர்களிடம் ரோடு ஓபனிங் பார்ட்டி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். விடியும் முன்னே எழுந்து, கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, போகப்போகிற சாலையின் இரண்டு ஓரத்தையும் நடந்தே தேடுகிற வேலை அது. நேற்று இல்லாத மண் குவியல், யாரோ விட்டுப்போன டப்பா, மூட்டை, கலைந்து கிடக்கிற கல், எதன் அடியிலும் வெடி இருக்கலாம். கண்ணில் படாமல் போனால் பின்னால் வருகிறவர்கள் செத்துப்போவார்கள். இப்படி மாதக்கணக்கில் பழகிய கண், மார்த்தாண்டத்தில் இருந்து அருமனை வருகிற வழியில் குப்பை மூட்டையைப் பார்த்து வண்டியைத் திருப்பினால் அதில் என்ன ஆச்சரியம்? அங்கே அவரையும் கூட இருந்தவர்களையும் உயிரோடு வைத்திருந்தது அந்தப் பழக்கம். கதவுப் பூட்டைப் பார்ப்பதும், சத்தம் கேட்டவுடன் குப்புற விழுவதும் அதே கணக்குதான். யோசித்து விழுந்தால் உயிர் இருக்காது என்று சொல்லிக் கொடுத்துத்தானே அனுப்பினார்கள்! வெயிலில் காய்ந்த ரப்பர் காய் வெடிக்கிற சத்தம், தூரத்தில் ஒற்றைத் துப்பாக்கி சுட்ட மாதிரியே இருக்கும். தோட்டத்துக்குள் வளர்ந்த நமக்கு அது காதில் ஏறுவதில்லை. அவர் உடம்புக்கு ஏறுகிறது. பால் வெட்டுகிறவரிடம் இதை ஒருநாள் எடுத்துச் சொல்லுங்கள். அந்தச் சிரிப்பு உங்கள் கணவரை எவ்வளவு சுட்டிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

சாதாரணமாக ஒரு சம்பவம் நடந்து முடிந்தால், அது முடிந்துபோனது என்கிற உணர்வோடுதான் மனசில் பதியும். உயிர் போகிற அதிர்ச்சியில் அப்படிப் பதிவதில்லை. சத்தம், வாசனை, ரத்தத்தின் நிறம் என்று துண்டு துண்டாகத் தங்கிவிடும். எங்கோ அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நினைவு வருவதற்குப் பதில் சம்பவமே திரும்ப நடக்கிற மாதிரி இருக்கும். கனவிலும் அதேதான். உங்கள் கழுத்தைப் பிடித்த அந்த நிமிஷம் அவர் திருமணமாகி அருமனையில் படுத்திருக்கவில்லை.

இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் நோய் என்போம். ஆறு மாதமோ அதற்குப் பிறகோ முழுதாக வெளிப்படுவதும் உண்டு. வந்த புதிதில் நன்றாக இருந்தாரே என்று நீங்கள் குழம்ப வேண்டாம். ரெஜிமெண்டில் காலை முதல் இரவு வரை ஒழுங்கு இருந்தது, கூட அதே அனுபவம் உள்ள ஆட்கள் இருந்தார்கள், எப்போதும் விழிப்பாக இருப்பதை அங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றும் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. ஜவான்கள் நாற்பது வயதுக்குள்ளேயோ அதை ஒட்டியோ வெளியே வந்துவிடுகிறார்கள். முழு ஆயுளின் பாதி இன்னும் மீதி இருக்கும்போது, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றோடு வந்து உட்காருகிறார்கள்.

மாமாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் காலத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் உலகப் போரில் கோழைத்தனம், ஓடிப்போனது என்கிற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்களையே நிற்கவைத்துச் சுட்டது. அவர்களில் பலர் இந்த நோயால் நடுங்கிப்போனவர்கள். அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் அந்த நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. மருத்துவ நூல்களில் இந்தப் பெயர் ஏறியதே 1980-ல், வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பார்த்த பிறகு. அந்த வீரர்களிடம் பின்னால் நடந்த பெரிய ஆய்வில், ஆண்களில் நூற்றுக்கு 30 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்திருந்தது. முப்பது பேரும் கோழைகளா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் இதைப் பேசாமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் படையின் மண் இது. அந்தச் சமஸ்தானப் படை பின்னால் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் இருக்கிறதா? 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் அங்கே போயிருந்தன. அந்த வீரர்களுக்கு ஒரு தனிக் கொடுமை இருந்தது. மற்ற ரெஜிமெண்டுக்காரர்களுக்குப் புரியாத அழுகையும் கெஞ்சலும் இவர்களுக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. இன்று அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் சிலர் ரத்த அழுத்தம், வயிற்றெரிச்சல் என்று வந்து உட்கார்ந்து, கடைசியில் அங்கே போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடிகாரன், முன்கோபி என்கிற பெயரோடு வாழ்ந்துவிட்டார்கள். உங்கள் கணவருக்கு அந்த முப்பது வருஷம் போகக் கூடாது.

சரி, எப்படி அழைத்துவருவது? மனநோய், மன அழுத்தம், பி.டி.எஸ்.டி. என்கிற எந்த வார்த்தையும் இப்போது வேண்டாம். தூக்கத்தில் இருந்து தொடங்குங்கள். பட்டாளத்துக்காரருக்குத் தூக்கம் என்பது உடம்புப் பிரச்சினை. அதைச் சொல்வதில் அவருக்கு மானக்குறைவு இல்லை. காலையில் சாயா குடிக்கிற நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு சொல்லுங்கள்: "நீங்க ஒழுங்கா தூங்கி எத்தனை மாசமாச்சு. தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம். நானும் வாறேன்." முடியாது என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி. குடித்திருக்கும்போதும், சண்டை முடிந்த சூட்டிலும், மாமா மாமி முன்னாலும் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

இன்னொரு வழி அந்த பேட்ச்மேட். உங்களிடம் விஷயத்தைச் சொன்னவரே அவர்தானே. அவருக்கு போன் செய்து நடப்பதைச் சொல்லுங்கள். ஒரு பட்டாளத்துக்காரர் இன்னொருவரிடம், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, வா, சேர்ந்து போவோம்" என்று சொல்வதற்கு உள்ள பலம், நீங்களோ நானோ நூறு தடவை சொன்னாலும் வராது. அவருக்கும் தூக்கம் இல்லாமல் இருக்கலாம், யார் கண்டது.

அவரிடம் அந்தச் சம்பவத்தைத் தோண்டிக் கேட்காதீர்கள். சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்துக் குடும்பத்தார் கேட்பதும், அவர் எழுந்து போவதும் அடிக்கடி நடக்கிறது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். நண்பரோடு தானும் போயிருக்க வேண்டும் என்று சொன்னால், "அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காமல், "அவர் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றால் போதும். உயிர் பிழைத்ததே ஒரு குற்றம் மாதிரி பலருக்குத் தோன்றும். அங்கே செய்ய நேர்ந்த ஒன்று, செய்யாமல் விட்ட ஒன்று என்று மனசாட்சியில் பட்ட காயமும் சில நேரம் உள்ளே கிடக்கும். அதைப் பக்குவமாக வெளியே எடுக்கப் பயிற்சி வேண்டும். அந்தச் சுமையையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ராத்திரி விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். கனவில் கத்தும்போது தொடக் கூடாது. கை எட்டாத தூரத்தில், கால் மாட்டில் நின்று விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நீங்க வீட்டுல இருக்கீங்க, அருமனையில இருக்கீங்க, நான்தான்" என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விழித்ததும் தரையில் காலை ஊன்றி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அறையில் கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பகலில் இருவரும் பேசி இப்படிச் செய்வோம் என்று முடிவெடுத்துக்கொண்டால் அவருக்கும் பயம் குறையும். அவர் தனியாகப் படுப்பது உங்கள் மேல் வெறுப்பினால் இல்லை, உங்களைக் காப்பாற்றத்தான். கொஞ்ச காலத்துக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் திண்ணை வேண்டாம், உள்ளேயே ஒரு கட்டில் போடுங்கள். வெளியே படுத்தால் இலை அசைந்தாலும் காவல்தான் பார்ப்பார். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். தூக்கத்தில் கை நீண்டது நோயின் வேலை. விழித்திருக்கும்போது, குடித்துவிட்டு உங்களையோ பிள்ளைகளையோ அடித்தால் அதற்கு நோயைக் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 181 பெண்கள் உதவி எண் உங்களுக்காகத்தான் இருக்கிறது.

ரம் விஷயத்தில் பலர் நல்லது செய்வதாக நினைத்து ஆபத்தை இழுத்துவிடுகிறார்கள். தினமும் நிறையக் குடிக்கிற ஒருவரை ஒரே நாளில் நிறுத்தவைத்தால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்ப்பதும், ஆள் தெரியாமல் பேசுவதும் வந்தால் உயிருக்கே ஆபத்து. பாட்டிலை ஒளித்துவைப்பது, சாமி முன்னால் சத்தியம் வாங்குவது எல்லாம் வேண்டாம். எவ்வளவு குடிக்கிறார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். அவர் குடிப்பது பெரும்பாலும் தூங்குவதற்காகத்தான். முதல் இரண்டு மணி நேரம் தூக்கம் வரும். பின்னிரவில் தூக்கம் உடைந்து, கனவு இன்னும் மோசமாகும். அதேபோல மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அல்பிரசோலம் போன்றவை இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடும், ரம்மோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

வைத்தியத்தில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கும் தைரியம் வரும். ஷாக் வைப்பார்கள், பூட்டி வைப்பார்கள் என்று அவர் பயந்துகொண்டிருக்கலாம். நடப்பது வேறு. செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் எரிச்சலையும் குறைக்கும். இவை வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நன்றான பிறகும் பல மாதம் தொடர வேண்டும். அடுத்தது பேச்சு வழி சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர், பாதுகாப்பான அறையில், அவர் ஒத்துக்கொள்கிற வேகத்தில், அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவைத்து, தவிர்க்கிற இடங்களுக்கு மெல்ல மெல்லப் போகவைப்பார். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, மூன்று நான்கு மாதம். இந்த நோய்க்கு இதுதான் முதன்மையான வைத்தியம் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட விஷயம். இதில் பயிற்சி உள்ளவர்கள் நம் பக்கம் குறைவு. அதனால் மாத்திரை எழுதி வாங்கியதோடு திரும்பிவிடாமல், இந்தச் சிகிச்சைக்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அந்தக் குண்டு அவருக்கு எவ்வளவு பக்கத்தில் வெடித்தது என்று மருத்துவர் கேட்கட்டும். பக்கத்தில் வெடித்தால் வெளியே காயமில்லாமலேயே மூளையும் காதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். தலைவலி, மறதி, காது இரைச்சல், எரிச்சல் இவற்றில் கொஞ்சம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

அதுவரை வெடிச்சத்தத்துக்கு என்ன செய்வது? பழகினால் போய்விடும் என்று கொடைக்கு அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள். கோயில் கமிட்டியில் வெடி எந்த நேரம் என்று கேட்டு முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். எதிர்பார்த்து வருகிற சத்தம் பாதி சத்தம்தான். அன்றைக்கு அவர் மட்டும் எங்கோ போய் ஒளிவதைவிட, குடும்பமாக வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கும் இதே ஏற்பாடு. ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது வீட்டில் டி.வி. ஓடட்டும், விளக்கு எரியட்டும். இதெல்லாம் இப்போதைக்குத்தான். தவிர்த்துக்கொண்டே போனால் நடமாடுகிற இடம் சுருங்கிக்கொண்டே போகும். தோட்டம் ஏற்கெனவே போய்விட்டது, பாருங்கள்.

மாமியின் நம்பிக்கையை நான் பழிக்க மாட்டேன். கோயிலுக்குப் போகட்டும், நேர்ச்சை வைக்கட்டும், ஜெபிக்கட்டும். மகனுக்காக அழுகிற தாய்க்கு அது வேண்டும். ஆனால் அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, மாத்திரையை நிறுத்து என்பது, இதில் எதைச் சொல்கிற ஆளிடமும் அவரை அனுப்பாதீர்கள். தாக்குதலுக்கு எதிராகவே பழகிய உடம்பை யாரோ பிடித்து அமுக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பென்ஷனைப் பற்றிப் பயமே வேண்டாம். பணிக்காலம் முடித்து வாங்குகிற சர்வீஸ் பென்ஷன், மனநலச் சிகிச்சை எடுத்தால் நிற்காது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய சிகிச்சை விவரம் ரகசியம். சட்டம் அனுமதிக்கிற சில சூழ்நிலைகள் தவிர, அவர் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. வேலை விஷயத்தில் மட்டும் நான் பொய்யான தைரியம் தர மாட்டேன். துப்பாக்கியோடு நிற்கிற டியூட்டி என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மாதத்துக்கு ஆயுதம் இல்லாத பணிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் அவர் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி இருப்பது அவருக்கும் நல்லதில்லை, வங்கிக்கு வருகிறவர்களுக்கும் நல்லதில்லை. ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாமா என்பது தனிக் கேள்வி. விதிகள் 2023-ல் மாறியிருக்கின்றன. நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். எதற்கும், இப்போதிருந்து ஒவ்வொரு சீட்டையும் ஃபைல் போட்டு வையுங்கள்.

எங்கே போவது? அவர் ஈ.சி.எச்.எஸ். என்கிற மருத்துவத் திட்டத்தில் உறுப்பினர் என்றால் நாகர்கோவில் பாலிகிளினிக்கில் காட்டி, மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்கலாம். 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மனைவியும் அடக்கம், அதனால் உங்களுக்கும் பார்த்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் பாங்கோட்டில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்து அது தூரமில்லை. சீருடையைப் பார்த்தால் பேச எளிதாக இருக்கும் என்பவர்களுக்கு அது ஒத்துவரும். சீருடையே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு ஆசாரிபள்ளம். எது என்று அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். "அப்பாவுக்குப் பட்டாளத்துல பட்ட காயம் உள்ளுக்குள்ள இருக்கு. அதனாலதான் சத்தம் கேட்டா பயப்படுறாங்க, கோபப்படுறாங்க. நீ ஒண்ணும் தப்பு செய்யல. வைத்தியம் பார்க்கப் போறோம்." இவ்வளவு போதும். ஒன்பது வயதுப் பிள்ளை காரணம் தெரியாவிட்டால் தன்மேல்தான் பழி போட்டுக்கொள்ளும். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்ய சத்தமில்லாத ஒரு வேலை கொடுங்கள். மீனுக்கு இரை போடுவதோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, ஏதாவது ஒன்று.

இந்தப் பதிலை அவர் பார்க்கும்படி வைக்கலாம் என்று தோன்றினால் வையுங்கள். படித்தால் அவருக்கு நான் சொல்வது: ஹவில்தார் சார், உங்கள் நண்பர் இறந்ததற்கு நீங்கள் காரணமா இல்லையா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நின்றவர் நீங்கள். ஆனால் உங்களுக்கு நடப்பது எங்களுக்குத் தெரிந்த ஒன்று, வைத்தியம் உள்ள ஒன்று. உங்கள் யூனிட்டில் ஒரு ஜவான் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித் தூங்காமல் இருந்திருந்தால் ரிப்போர்ட் செய்யச் சொல்லியிருப்பீர்கள்தானே? நீங்களும் செய்யுங்கள்.

முதல் தடவை போகும்போது பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம், ஈ.சி.எச்.எஸ். கார்டு, முன்னால் எடுத்த மருத்துவச் சீட்டுகள், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு தாளில் நீங்கள் எனக்கு எழுதியதையே எழுதிக் கொடுங்கள். ஓ.பி. கூட்டத்தில் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்.